நாவல் இலையில் ஓட்டை

மலையடிவாரத்தில் ஒரு சமணப் பள்ளி. அங்கே இருந்த பெண்துறவிகள் பச்சை இலை கிள்ள மாட்டார்கள், இலைக்கும் உயிர் உண்டு என்பதால். பூச்சி மிதிபடாமல் இருக்க மயிற்பீலியால் தரையைத் தடவிவிட்டுத்தான் கால் வைப்பார்கள். அவர்களுக்குத் தலைவி குரத்தியார்.

சுநந்தை குரத்தியாரை விட வயதில் மூத்தவள், ஆனால் மாணாக்கி. அன்று காலை படபடவென்று வந்து நின்றாள்.

"அம்மையே, பௌர்ணமிக்கு எயினியைத் துறவில் சேர்க்க வேண்டாம்."

"ஏன்?"

"நாவல் கன்றுகளில் இலை கிள்ளுகிறாள். நகத்தால் வெட்டியெடுத்த மாதிரி அத்தனை ஓட்டை. வேட்டுவர் வீட்டுப் பெண். கை சும்மா இருக்குமா?"

"கிள்ளும்போது பார்த்தாயா?"

"பார்க்க விடுவாளா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருக்கிறேன். தினமும் விடிந்ததும் கன்று கன்றாகப் போய், பீலியால் இலை இலையாக விலக்கிப் பார்க்கிறேன். முதலில் கிணற்றடியில் மட்டும் இருந்தது. இப்போது வாசல் வரை வந்துவிட்டது."

குரத்தியார் எயினியை அழைத்துக் கேட்டார்.

"நான் கிள்ளவில்லை, அம்மா. என் வீட்டார் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். இங்கிருந்து அனுப்பினால் எனக்குப் போக்கிடம் இல்லை. அப்படியிருக்க நானா கிள்ளுவேன்?"

"கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்கிறாள், பாருங்கள்" என்றாள் சுநந்தை. எயினி தலைகுனிந்து சொல்லியிருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பாள்.

குரத்தியார் இருவரையும் கிணற்றடிக் கன்றுக்கு அழைத்துப் போனார். ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு காய்ந்த இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது.

"உள்ளே புழு இருக்கிறது" என்றார் குரத்தியார். "இலைக்குள்ளேயே பிறந்து, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் தின்று வளரும். வளர்ந்ததும் இரண்டு தோலையும் வெட்டி, தன் நூலால் ஒட்டிப் போர்த்துக்கொள்ளும். ஓட்டை அப்படி வந்ததுதான். பிறகு போர்வையோடே நடக்கும், தின்னும்; வளர வளர, போகிற இலையிலும் வெட்டிப் போர்வையைப் பெரிதாக்கும். கடைசியில் அதற்குள்ளேயே அடங்கிக் கிடந்து, அரிசிக் குருணை அளவு அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும்."

எயினி மூச்சு விட்டாள். சுநந்தைக்கு முகம் சரியாகவில்லை.

"அப்படியானால் இதைக் காட்டிலிருந்து கொண்டுவந்தவள் இவள்தான்."

"நாவல் இருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்கும், சுநந்தை. யாரும் கொண்டுவர வேண்டாம்."

"இருக்கட்டும். கிணற்றடியிலிருந்து வாசல் எவ்வளவு தூரம்? இந்தப் புழு நடந்தா போயிருக்கும்?"

"போயிருக்காது. பூச்சியாகிப் பறக்கவும் இன்னும் காலம் இருக்கிறது."

"அதைத்தான் சொல்கிறேன். யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள். இவள் அறைக்குப் பின்னால் ஒரு கன்று நிற்கிறதே, அதில் ஓர் ஓட்டைகூட இல்லை. தன் இடத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள்."

"அந்தக் கன்றையும் பீலியால் விலக்கிப் பார்த்தாயா?"

"இவள் அறைப்பக்கம் நான் கால் வைப்பதே இல்லை. தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி."

குரத்தியார் கை நீட்டினார். "உன் பீலியைக் கொடு."

எயினி தோளில் கிடந்த வெள்ளைத் துணியைக் கீழே விரிக்கச் சொல்லி, அதன்மேல் பீலியை மெல்லத் தட்டினார். தூசியும் காய்ந்த இலைத்துணுக்குகளும் உதிர்ந்தன. மூவரும் குனிந்து பார்த்தார்கள். துணுக்குகளில் ஒன்று நகர்ந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்ததும் நகர்ந்தது.

சுநந்தை வெகுநேரம் துணியையே பார்த்தாள். பிறகு மெதுவாக எயினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மையே, இதையெல்லாம் என் பீலியில் யார் கொண்டுவந்து போட்டது?"

குரத்தியார் துணியின் நான்கு முனைகளையும் கூட்டிப் பிடித்து, ஒரு புழுவும் நசுங்காமல் எடுத்துக்கொண்டார்.

"பௌர்ணமிக்கு எயினி துறவு ஏற்கிறாள்" என்றார். "நாளையிலிருந்து நீ காவலுக்குப் போகாதே, சுநந்தை. கன்றுகள் பிழைத்துக்கொள்ளும்."