தூக்கணாங்குருவி பல்லி வாலப் புடிச்ச கதை

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் மீசையில பனங்கொட்ட மொளைக்கட்டும்.

அந்தக் காலத்துல, பறக்கதும் ஊருததும் பேசிக்கிட்டு இருந்தப்ப, தூக்கணாங்குருவிக சேந்து கூடு கட்டாது. புருசன் ஒரு மரத்துல, பொஞ்சாதி ஒரு மரத்துல, ஆளுக்குப் பாதி பின்னும். பக்கத்துல ஒக்காந்தா சண்ட வருமாம். சாயங்காலம் ரெண்டு பாதியையும் பனமரத்துப் பல்லி அண்ணாச்சிட்ட குடுத்தா, அவரு பொருத்தித் தச்சுக் குடுப்பாரு.

ஒருநா, பேச்சின்னு ஒரு பொட்டக் குருவிக்கு வயித்துல முட்ட. இப்பவோ அப்பவோன்னு இருக்கு. மேக்க மேகம் வேற கருத்துக்கிட்டு வருது. அவளும் புருசன் சுடலையும் பாதியக் கொண்டாந்து நீட்டுனாக. அண்ணாச்சி பொருத்திப் பாத்தாரு.

"இடிக்கி. சரி பண்ணுங்க."

அம்புட்டுத்தான். திரும்பிப் படுத்துட்டாரு.

"என்னத்தச் சரி பண்ண?"ன்னா பேச்சி.

"இடிக்கதத்தான்."

பொண்டாட்டி பின்னுனதுதான் இடிக்கின்னு நெனச்சு சுடலை பிய்க்க ஆரம்பிச்சான்.

"ஏ மனுசா, முட்ட உருளாம இருக்கக் குழி போட்டிருக்கேன், அதப் போயி பிய்க்கீரே."

"ஒன் குழியில பாம்பு வந்து படுக்கும்ட்டீ. அதுக்குத்தான் நான் நீளமா கொழா வச்சிருக்கேன்."

அவ கொழாயப் பிச்சா. நாரு நாரா கீழ விழுது. மொதத் துளி மழ பேச்சி தலையில விழுந்துச்சு. பாஞ்சு போயி அண்ணாச்சி வால லபக்குன்னு கவ்விட்டா. வாலு அத்துக்கிட்டு வந்துட்டு. அதத் துப்பிட்டுக் கேட்டா.

"எங்க இடிக்கி? எது யாருது? இப்ப நான் என்ன செய்யணும்?"

அண்ணாச்சிக்கு வாலு போனதும் வாயி வந்துட்டு.

"இந்தா, அடிப்பக்கம் மட்டுந்தான் ரெண்டு பேரும் ஒரே எடத்துல அலகு வச்சுப் பின்னிருக்கீக. மத்ததெல்லாம் சேருது. குழி ஒன்னது, கொழா அவனது. ஒன்னத வச்சுக்கிடலாம், அவனத வச்சுக்கிடலாம், ரெண்டயும் வச்சுக்கிடலாம். எதுவும் வேணாம்னா நீங்க கொண்டாந்தமாரியே ரெண்டு பாதியாப் பிரிச்சுத் தாரேன். முடிவு பண்ணிட்டு சரின்னு ஒரு சத்தம் குடுங்க, தச்சிருதேன்."

"இத மொதல்லயே சொன்னா என்னவாம்?"

"எனக்குத் தெரிஞ்சது ஒங்களுக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன் தாயி."

பேச்சி புருசனப் பாத்தா. "குழி உள்ள, கொழா வெளிய. என்ன சொல்லுதீரு?"

"நனையுததுக்குள்ள தைக்கச் சொல்லு."

பிச்சுப் போட்டத அள்ளிச் சேத்துத் தச்சாச்சு. மழ கொட்டுச்சு. பேச்சி போட்ட முட்ட குழிக்குள்ள அசையாம இருந்துச்சு.

அன்னைல இருந்துதான் தூக்கணாங்குருவிக் கூட்டுல குழியும் இருக்கு, கொழாயும் தொங்குது. பல்லியும் வாலத் தொட்டா, கேள்வி வருமேன்னு கழட்டிக் குடுத்துட்டு ஓடுது. இப்ப கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரு ஒரே எடத்தத் திருத்தி இடிச்சுக்கிட்டா, 'இது ஒன்னது, இது அவனது, எது வேணும்'னு மிசினு கேக்குதே, அதுவும் அண்ணாச்சி குடுத்த வெவரந்தான்.

கதை கேட்டாச்சுல்லா, கூலி ரெண்டு பருப்பு வட. எங்க வைக்கன்னு முழிக்காதீக. இது என் கை, அது ஒங்க வட. அத இதுல வைங்க.