முடியாத ஒன்பதுகள்

"பூஜ்யம் புள்ளிக்கு அப்புறம் எத்தனை ஒன்பது போட்டாலும் அது ஒண்ணு ஆகாது. ஆகுமா? நீயே சொல்லு."

வாசலில் துணிப்பையோடு நின்றவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சிதம்பரதாணு. கேள்வி ரெஜினாவுக்கு. அவரிடம் படித்தவள், இப்போது கல்லூரியில் நுண்கணிதம் நடத்துகிறாள்.

"ஒன்பது முடியாமப் போய்க்கிட்டே இருந்தா, அது ஒண்ணேதான் சார்."

"கோமதியும் அதைத்தான் சொல்றா. அதான் மூணு நாளா லாட்ஜில இருக்கேன்."

கோமதி அவர் மனைவி. அதே பள்ளியில் கணக்கு டீச்சர்.

"உள்ள வாங்க சார்."

"இன்னைக்கு நீதான் வாத்தியார். நிரூபி."

ரெஜினா நோட்டைத் திறந்தாள்.

"ரெண்டும் வேறன்னா நடுவில இடைவெளி இருக்கணும். எவ்வளவு?"

"ஆயிரத்தில ஒரு பங்கு."

அவள் நாலு ஒன்பது போட்டாள். இடைவெளி அதைவிடச் சுருங்கிவிட்டது.

"கோடியில ஒரு பங்கு!"

எட்டு ஒன்பது போட்டாள்.

"கோடி கோடியில!"

பதினைந்து.

வாத்தியார் எழுந்து நடந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பினார்.

"நீ பாட்டுக்குப் போட்டுக்கிட்டே போவியா?"

"நீங்க சொல்லிக்கிட்டே இருந்தா."

அவர் உட்கார்ந்தார். ரெஜினா கொடுத்திருந்த காபி ஆறிப்போயிருந்தது.

"இல்ல, என்னமோ ஒரு துளி மிச்சம் இருக்கு."

"எவ்வளவு?"

"சொல்ல வரல."

"எந்த அளவு சொன்னாலும் அதைவிடக் கம்மி. அப்போ அது இருக்கா சார்?"

நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒன்பதுகளை எண்ணிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா ஆகாதுன்னுதானம்மா சொல்லிக் கொடுத்தேன். உனக்கும்தான்."

"தெரியும் சார். காலேஜில அதை அப்படியே எழுதினேன். முட்டை போட்டாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் லேசாகக் கலங்கியது.

பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கோமதி.

"எடுங்க சார்."

"எடுத்து?"

"என்ன தோணுதோ சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டார். பட்டனை அமுக்கினார்.

"கோமதி, நீ சொன்னது கிட்டத்தட்ட சரிதான்."

மறுமுனையிலிருந்து ரெஜினாவுக்கும் கேட்கும்படி குரல் வந்தது.

"கிட்டத்தட்டன்னா? எவ்வளவு குறையுது?"