பல்லியைக் கேட்டுப் போட்ட விதி

ஏழு காடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கல்வித்துறை இருந்தது. நடுக்காட்டில், இடி விழுந்து பொந்தாகிப்போன ஒரு புளியமரத்துக்குள் அதன் அலுவலகம். பொந்துக்கு மூங்கில் கதவு போட்டிருந்தார்கள். கதவுக்கு வெளியே எப்போது பார்த்தாலும் யாராவது மனுவோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

துறைத் தலைவர் கம்பளியப்பர் என்ற கரடி. கெட்டவர் அல்ல. சோம்பேறியும் அல்ல. விதி போடுவதென்றால் மட்டும் அவருக்கு அப்படி ஓர் ஆசை! காலையில் தேன் குடித்ததும் ஒரு விதி. மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஒரு விதி. முதுகு அரித்தால்கூட அதற்கொரு விதியைப் போட்டுவிட்டுத்தான் சொறிந்துகொள்வார்.

இப்படி ஒருவர் என்றைக்காவது வந்து சேருவார் என்று அந்தக் காலத்துச் சிங்கராஜாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கல்வித்துறைக்கென்றே ஒரு விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். விதிகளை எப்படிப் போட வேண்டும் என்பதற்கான விதி அது. ஒரே வரிதான்: “பள்ளியைக் கேட்டே விதி போட வேண்டும்.”

யாருக்காக விதியோ, அவர்களிடம் போய் முதலில் கேள் என்று பொருள். எவ்வளவு நல்ல விதி! ஆனால் அதை எழுதியிருந்த ஓலையைக் கரையான் தின்றுவிட்டது.

“போனாப் போகட்டும், எனக்கு மனப்பாடம்!” என்றாள் எழுத்தர் சொர்ணம்.

சொர்ணம் ஒரு கிளி. சொன்னதைத் திருப்பிச் சொல்வதில் கெட்டிக்காரி. என்ன, அவள் வாயில் ‘ள’ வராது, ‘ழ’ வராது. வாழைப்பழத்தை ‘வாலப்பலம்’ என்பாள். “நான் ஒரு கிலி” என்றுதான் தன்னையே அறிமுகம் செய்துகொள்வாள். அவள் வாயில் வந்தபடியே புது ஓலையில் எழுதினாள்: “பல்லியைக் கேட்டே விதி போட வேண்டும்.”

மாறியது ஒரு ‘ள’தான். காடே தலைகீழாகிவிட்டது!

கம்பளியப்பர் ஓலையைப் படித்தார். அண்ணாந்து பார்த்தார். பொந்தின் கூரையில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடடே! அலுவலகத்திலேயே இருக்கிறதே! நமக்கு அலைச்சல் மிச்சம்!” என்று துள்ளிக் குதித்தார். மரம் கொஞ்சம் ஆடியது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். “பல்லியாரே! இனிமேல் முள்ளம்பன்றிப் பிள்ளைகள் தலையைப் படிய வாரிக்கொண்டுதான் பள்ளிக்கு வர வேண்டும். என்ன சொல்கிறீர்?”

“ச்சு! ச்சு! ச்சு!” என்றது பல்லி.

நாம் ஏதாவது பேசும்போது சுவரில் பல்லி கத்தினால் என்ன செய்கிறோம்? விரலால் தரையைத் தட்டி, “பார், பல்லியே சொல்லிவிட்டது!” என்கிறோம் இல்லையா? கரடியும் அப்படித்தான் மேசையை மூன்று தட்டுத் தட்டினார். “பல்லியே சொல்லிவிட்டது! குத்து முத்திரையை!”

சொர்ணம் மூக்கை மையில் தோய்த்துக் குத்தினாள்.

“ஆமைப் பிள்ளைகள் ஓட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வகுப்புக்குள் வர வேண்டும்!”

“ச்சு! ச்சு! ச்சு!”

“குத்து!”

“மழைக்காலத்தில் மீன்கள் குடையோடு வர வேண்டும்! நனைந்தால் சளி பிடிக்கும்!”

“ச்சு! ச்சு! ச்சு! ச்சு!”

“குத்து! குத்து!”

ஒரே ஒரு நாள் கரடிக்கு நல்ல புத்தி வந்தது. “மத்தியானத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாம்பழம் கொடுக்கலாமா, பல்லியாரே?” என்று கேட்டார். பல்லி வாயே திறக்கவில்லை. கரடி கழுத்து வலிக்க அண்ணாந்தபடியே நின்றார். ம்ஹூம்.

“பல்லிக்கு விருப்பமில்லை. கிழித்துப் போடு!” என்றார். மாம்பழத்துக்கு அந்தக் கதி.

இதற்கிடையில் ஒரு கீரிப்பிள்ளை தன் தம்பிக்குப் பதிலாகப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தது. செய்தி கரடியின் காதுக்கு எட்டியது. கேட்க வேண்டுமா? உடனே ஒரு விதி! “பள்ளியில் சேரும்போது எழுதிக்கொடுத்த அங்க அடையாளம் பரீட்சை நாளிலும் அப்படியே இருக்க வேண்டும். மாறியிருந்தால் அது ஆள் மாறாட்டம். பரீட்சை கிடையாது!”

இந்த விதிக்குப் பல்லி ஏழு தடவை ‘ச்சு’ கொட்டியது.

“பார்த்தாயா சொர்ணம்! இது அதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறது!” என்று கரடி பூரித்துப் போனார்.

அந்த விதி தத்தாயியின் வீட்டில் வந்து விழுந்தது. தத்தாயி தாமரைக்குளத்துத் தவளை. அவளுக்கு நாற்பத்து மூன்று பிள்ளைகள். எல்லாரும் குளத்துத் தண்ணீருக்கடியில் நடக்கும் ஒன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம் பள்ளியில் சேரும்போது அவர்கள் தலைப்பிரட்டைகள். படிவத்தில் தத்தாயி உள்ளதை உள்ளபடி நிரப்பியிருந்தாள்: “அங்க அடையாளம்: ஒன்று, நீள வால். இரண்டு, கால் கிடையாது.”

பரீட்சை வருவதற்குள் பிள்ளைகளுக்கு வால் உதிர்ந்துவிட்டது. கால் ஒன்றல்ல, இரண்டல்ல, நாலு முளைத்துவிட்டது! தவளை வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன செய்யும்?

பரீட்சைக்கு முதல் நாள் காலையில் நாற்பத்து மூன்று பரீட்சைச் சீட்டுகளும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் எழுதியிருந்தது: “அடையாளம் பொருந்தவில்லை. இது வேறு யாரோ.”

பரீட்சை எழுதித் தேறினால்தான் கரைமேல் நடக்கும் இரண்டாம் வகுப்புக்குப் போக முடியும். இல்லாவிட்டால் மறுபடியும் குளத்தடியில் ஒன்றாம் வகுப்பு. வால் போனபோதே பிள்ளைகளுக்குச் செவுளும் போய்விட்டதே! நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் உட்கார்ந்தால் மூச்சு முட்டிப்போகும். கரையிலும் இடமில்லை, தண்ணீரிலும் இடமில்லை என்றால் அந்தக் குஞ்சுகளின் படிப்பு அதோடு சரி.

தத்தாயி சீட்டுகளை வாயில் கவ்விக்கொண்டு தத்தித் தத்திக் கிளம்பினாள். உச்சி வெயிலில் புளியமரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

“ஐயா! எம் புள்ளைங்கள வேற யாரோன்னு எழுதியிருக்கீங்களே! பெத்தவ எனக்குத் தெரியாதா?”

கம்பளியப்பர் ஓலையைப் புரட்டினார். “படிவத்தில் வால் இருக்கிறது. பிள்ளைக்கு வால் இல்லை. படிவத்தில் கால் இல்லை. பிள்ளைக்குக் கால் இருக்கிறது. ஒன்றாவது ஒத்துப்போகிறதா அம்மா?”

“வளர்ந்துருச்சுங்க ஐயா!”

“வளர்வதற்கு முன் அனுமதி வாங்கினீர்களா?”

தத்தாயிக்குக் கண் இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. “ஐயா, இந்த விதியப் போடுறதுக்கு முன்னாடி எங்க பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போமே!”

“கேட்காமல் போட்டேனா? முறைப்படி கேட்டேன்! இதோ பார்!” என்று சுவரில் தொங்கிய ஓலையைக் காட்டினார் கரடி.

தத்தாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

“ஐயா, இது எழுத்துப் பிழை! ‘பள்ளியைக் கேட்டே’ன்னு இருக்கணும். இங்க ‘பல்லியை’ன்னு இருக்கு!”

“நானும் அதத்தானே எலுதியிருக்கேன்? பல்லி!” என்றாள் சொர்ணம்.

“பல்லி இல்லம்மா, பள்ளி!”

“அதான், பல்லி!”

“பள்...ளி!”

“பல்...லி! ரெண்டும் ஒண்ணுதானே? இதுக்கு எதுக்கு இவ்வலவு கூச்சல்?”

கரடி கையை உயர்த்தினார். “அமைதி! பிழை என்றே வைத்துக்கொள்வோம். பிழையைத் திருத்த ஒரு விதி போட வேண்டும். விதி போடப் பல்லியைக் கேட்க வேண்டும்.” அண்ணாந்தார். “பல்லியாரே! ‘பல்லி’ என்பதைப் ‘பள்ளி’ என்று திருத்தலாமா?”

எல்லாரும் அண்ணாந்தார்கள். பல்லி மினுக் மினுக்கென்று பார்த்தது. சத்தமே இல்லை.

“ஒப்புதல் இல்லை! நீ போகலாம்!” என்றார் கரடி.

“நாளைக்குப் பரீட்சைங்க ஐயா! நாப்பத்து மூணு புள்ளைங்க!” தத்தாயி நாலு காலையும் அகட்டித் தரையில் ஊன்றிக்கொண்டாள். “நான் போக மாட்டேன்!”

“போக மாட்டாயா?” கரடிக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. தத்தாயியை வெளியே தள்ளிக் கதவைப் படாரென்று சாத்தினார்.

கீழே நடக்கும் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாமே என்று பல்லி அப்போதுதான் கதவு நிலைக்கு இறங்கி வந்திருந்தது. கதவு அதன் வாலில் விழுந்தது. வால் துண்டாகிக் கீழே விழுந்து தனியாகத் துடித்தது!

“ஐயையோ! பல்லியார்!” என்று கரடி பதறிக் கதவைத் திறந்தார். சொர்ணம் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே விழுந்து கிடந்த தத்தாயி எழுந்தாள். துடிக்கும் வாலைப் பார்த்தாள். மொட்டையாக நிற்கும் பல்லியைப் பார்த்தாள். அவளுக்குப் பொறி தட்டியது.

“ஐயா, இது யாரு?”

“யாரா? எங்கள் பல்லியார்தான்!”

“உங்க பல்லியாருக்கு வால் இருந்துச்சே. இதுக்கு வால் இல்லையே?”

“இப்போதுதானே அறுந்தது! வால் துடிப்பதைப் பார்த்தாய்தானே!”

“எம் புள்ளைங்க வால் போனதையும்தான் நான் பார்த்தேன். அதெல்லாம் செல்லாதுன்னு சொன்னீங்களே! அடையாளம் மாறுனா ஆள் மாறாட்டம்! இது வேற யாரோ! நீங்க ஒப்புதல் வாங்குன பல்லி இப்ப இல்ல. இனிமே எந்த விதியும் போட முடியாது உங்களால!”

“அதே பல்லிதான்!” என்று கத்தினார் கரடி.

“அப்ப எம் புள்ளைங்களும் அதே புள்ளைங்கதான்!”

கம்பளியப்பர் பல்லியிடமே போய்க் குனிந்தார். “நீயே சொல்லேன். நீ அதே பல்லிதானா, வேறயா?” என்று கேட்டுவிட்டு, முத்திரை, மேசை எல்லாவற்றையும் மறந்து, பதிலுக்காகக் காத்து நின்றார்.

இத்தனை நாளில் அவர் இவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்து நின்றது இது இரண்டாம் தடவை. முதல் தடவை மாம்பழத்துக்கு.

“அதே பல்லிதான்” என்றது பல்லி.

கரடி நாலடி பின்னால் போய் விழுந்தார். “நீ... நீ பேசுவியா?”

“நல்லா இருக்கே! இந்தக் காட்டுல எறும்புகூடப் பேசுது. நான் மட்டும் ஊமையா?”

“அப்புறம் ஏன் இத்தனை நாளாப் பேசவே இல்ல?”

“நான் ‘ச்சு’க் கொட்டிட்டுப் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க மேசையத் தட்டிர்றீங்க. இவ மூக்கால குத்திர்றா. எங்க பேச விட்டீங்க?”

“ஆனா எல்லா விதிக்கும் நீ ஆமான்னு சொன்னியே!”

“யாரு ஆமான்னா?” பல்லிக்கு வால் போன வலியோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. “முள்ளம்பன்றிக்குத் தலை வாரணும்னீங்க. மீனுக்குக் குடைன்னீங்க. ஐயோ பாவம், அந்தப் புள்ளைங்கன்னு நான் உச்சுக் கொட்டினேன்யா! உச்சு!”

கரடி மெதுவாகக் கேட்டார். “அப்ப அங்க அடையாள விதிக்கு ஏழு தடவை...?”

“தத்தாயி வீட்டுப் புள்ளைங்கள நெனச்சேன். மனசு தாங்கல.”

“மாம்பழத்துக்கு ஏன் சும்மா இருந்த?”

“நல்ல விஷயத்துக்கு எவனாவது உச்சுக் கொட்டுவானா? இப்ப எழுத்தைத் திருத்தலாமான்னு கேட்டீங்களே, அதுவும் நல்ல விஷயம்தான். அதான் சும்மா இருந்தேன்.”

கம்பளியப்பர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்கு உண்மையாகவே வெட்கமாகிவிட்டது. நாற்பத்து மூன்று சீட்டுகளையும் எடுத்து, “இவர்கள் அவர்களேதான்” என்று தன் கையாலேயே எழுதினார். தேன் கை என்பதால் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தத்தாயி அதையெல்லாம் பார்க்கவில்லை. கவ்விக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை நாற்பத்து மூன்று குட்டித் தவளைகளும் பரீட்சை எழுதின. நாற்பத்திரண்டு தேறின. ஒன்று மட்டும் ஈ வந்ததும் பரீட்சைத் தாளைப் போட்டுவிட்டு அதன் பின்னால் போய்விட்டது. அதற்கு மறுவாரம் இன்னொரு பரீட்சை வைத்தார்கள். பரீட்சை முடிகிற வரையில் ஈக்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று விதி போடலாமா என்று கரடி ஈக்களைக் கேட்டார். ஈக்கள் சந்தோஷமாகச் சரி என்றன.

சுவரிலிருந்த ஓலையைச் சொர்ணம் திருத்தி எழுதினாள். ‘ள’ போடும்போது தத்தாயி பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு எந்த விதியானாலும் முதலில் பள்ளிகளின் வாசலில் பதினைந்து நாள் தொங்கியது. யார் என்ன சொன்னாலும் கரடி காதை ஆட்டாமல் உட்கார்ந்து கேட்டார். முள்ளம்பன்றிகள் தலைவிரி கோலமாகவே பள்ளிக்குப் போயின. மத்தியானத்தில் மாம்பழம் கிடைத்தது.

பல்லிக்கும் கொஞ்ச நாளில் புது வால் முளைத்தது. முன்னதைவிடக் குட்டைதான், நிறமும் கொஞ்சம் வேறு. ஆனாலும் யாரும் அதைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்கவில்லை.

நீதி: கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் கேட்டதாகிவிடாது; பதிலையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.