லீவரில் கட்டிய கம்பி

அந்தப் பழைய கார் இரண்டாம் முறையாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தது.

"என் சம்சாரம் பாதி வழியில இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா," என்றார் உரிமையாளர் நஞ்சப்பன். "முதுகுவலிக்காரி. வேற எந்த வண்டியிலயும் உட்கார முடியலைன்னுதான் இதைத் தேடி வாங்கினேன். இன்னொரு தடவை இறங்கினா வித்துப்போடுவேனுங்க."

அவர் போனதும் குழந்தைவேலு காரைச் சுற்றி வந்தார். அதன் ஷாக் அப்சார்பர்கள் முழுக்க அவர் வேலை. லாரிப் பட்டறையை விட்டு, தன்னைவிட வயதில் இளையவரான பிலோமினாவிடம் தொழில் கற்க வந்தவர். அவரை மாஸ்டர் என்பார். பிலோமினா இவரை அண்ணா என்பார்.

பிலோமினா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங் நடுவே ஒரு சிறிய லீவர் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் ஷாக் அப்சார்பர் இறுகும். மறுபக்கம் தள்ளினால் இளகும். இப்போது எந்தப் பக்கமும் நகரவில்லை. கம்பியால் கட்டியிருந்தது.

"யார் கட்டினது?"

"நான்தான் மாஸ்டர். சரியான அளவு பார்த்துக் கட்டினேன். ஓனர் கை சும்மா இருக்காதுங்களே."

"எப்படிப் பார்த்தீங்க?"

"பின்சீட்டுல அந்தம்மா எடைக்கு மணல் மூட்டை வெச்சு ஓட்டினேன்."

"மூட்டை என்ன சொல்லுச்சு?"

குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"இந்தத் தடவையும் அந்தம்மா இறங்கிட்டா நான் லாரிக்கே போயிடறேன். சரியான அளவு எதுன்னு நீங்களே சொல்லிடுங்க மாஸ்டர். பெயின்ட்ல ஒரு கோடு போட்டுடறேன்."

பிலோமினா கம்பியை வெட்டினார்.

"பின்னாடி ஏறுங்க."

"நானா?"

"மூட்டை இருந்த இடத்துல."

அந்த இருக்கையைக் குழந்தைவேலு பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார். உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இல்லை.

வாய்க்காலை ஒட்டிய ஜல்லிச் சாலையில் கார் மெதுவாகப் போனது. முதலில் ஒவ்வொரு கல்லும் இடுப்பில் இடித்தது. பிலோமினா பின்பார்வைக் கண்ணாடியைச் சற்றுக் கீழே திருப்பினார். விரல் லீவரைத் தொட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டது. கற்கள் எங்கோ தூரத்தில் கிடப்பதுபோல் ஆயின. குழந்தைவேலு முதுகைச் சாய்த்தார்.

"இதான் மாஸ்டர்! இதான் அளவு. கை வைக்காதீங்க, இப்படியே விட்டுருங்க."

"சரிங்கண்ணா."

பாலம் தாண்டித் தார்ச்சாலை வந்தது. கார் வேகமெடுத்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த மேடு. குழந்தைவேலு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் மாஸ்டர் மாத்துனீங்க?"

பிலோமினா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் ஓரத்தில் வைத்திருந்தார்.

"நான் தொடவே இல்லைங்க."

கண்ணாடியில் மாஸ்டரின் கண்கள் குழந்தைவேலுவின் முகத்தைப் பார்த்தன. விரல் லீவரை இறுக்கும் பக்கம் தள்ளியது. கார் சாலையில் அமர்ந்தது.

மாலையில் நஞ்சப்பன் மனைவியோடு வந்தார். சரோஜினியம்மாள் காரைக் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

"எந்த அளவுல வெச்சு ஓட்டறதுங்க?" என்றார் நஞ்சப்பன்.

மேசைமேல் பெயின்ட் டப்பா மூடியபடி இருந்தது. குழந்தைவேலு ஜன்னல் வழியாகக் கைவிட்டுப் பின்பார்வைக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே திருப்பினார்.

"அம்மா முகம் தெரியுதுங்களா?"

"தெரியுது. அதுக்கென்ன?"

"அதைப் பார்த்து லீவரைத் தள்ளுங்க."

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் பார்க்கச் சொல்ல ஒரு ஆள் வந்திருக்கு," என்றார் பின்னாலிருந்து சரோஜினியம்மாள்.

வாசலில் இருந்த வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. நஞ்சப்பனின் தலை கண்ணாடியை நோக்கிச் சற்று நிமிர்ந்தது. கை லீவருக்குப் போனது. பின்சீட்டில் அந்த அம்மாள் மெல்லச் சாய்வது தெரிந்தது. கார் தெருமுனையில் திரும்பியது.

குழந்தைவேலு வெட்டிய கம்பியைக் கீழிருந்து எடுத்தார்.

"ஆனா சரியான அளவுன்னு ஒண்ணு இருந்துச்சு மாஸ்டர். நானே உட்கார்ந்து பார்த்தேனே."

"இருந்துச்சுங்கண்ணா," என்றார் பிலோமினா. "பாலம் வரைக்கும்."