வெயிலைத் தேடிய அட்டை

"ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு, டீச்சர்."

மூன்று நாளில் பூங்கோதை இதைச் சொல்வது ஏழாவது தடவை.

வகுப்பறை ஜன்னலுக்கு எதிரே, வெயில் விழும் மேசையில் இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த கருவி. ஓர் அட்டை, நடுவில் சுவர் போல ஒரு தடுப்பு. தடுப்புக்கு இரண்டு பக்கமும் வெளிச்சத்தை உணரும் பொட்டு ஒவ்வொன்று, அடியில் சின்ன மோட்டார். எந்தப் பொட்டில் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் அட்டை திரும்பும். இரண்டிலும் சமமாக விழுந்தால் நிற்கும்.

நிற்க வேண்டும். நிற்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும், இடையில் ஒரு முனகல் வேறு.

பூங்கோதைக்கு முப்பத்தொன்பது வயது. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு பி.எட். சேர்ந்தவள். பயிற்சிக்கு வந்த பள்ளியில் அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தது ஹெப்சிபா. அவளுக்கு முப்பதுதான். பெரியவள் சின்னவளை டீச்சர் என்பாள், சின்னவள் பெரியவளை அக்கா என்பாள்.

"மோட்டார மாத்துனீங்களாக்கா?"

"மாத்திட்டேன்."

"வயரு?"

"மூணு தடவ. வீட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா ஒழுங்கா நிக்கி. இங்க வந்தா சாமி வந்த மாதிரி ஆடுது."

ஹெப்சிபா தலையை ஆட்டினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு குரு வாய்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். பூங்கோதைக்கு நன்றாகவே வந்தது.

இன்று பத்தரை மணிக்கு, அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடத் தேர்வாளர் வருகிறார். போன வருஷம் அவளை பெயிலாக்கிய அதே மனிதர். அன்று அவர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது. 'ஆசிரியர் ஒரே இடத்தில் நின்றார். வகுப்பில் உயிர் இல்லை.' இந்தத் தடவையும் போனால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியாயிற்று.

அதனால் இந்த வருஷம் அவள் ஒரே இடத்தில் நிற்பதே இல்லை. கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தாள். நடந்துகொண்டே கேள்வி கேட்டாள். நடந்துகொண்டே பதிலையும் அவளே சொன்னாள்.

முன்வரிசையில் இசக்கிவர்ஷினி கையைத் தூக்கியிருந்தாள். அட்டையை வெட்டி ஒட்டியவள் அவள்தான்.

"இரும்மா. டீச்சர் வேலையா இருக்கேம்லா."

கை இறங்கவில்லை.

ஹெப்சிபா சொன்னாள்: "அக்கா, ஆபீஸ்ல போய் அட்டென்டன்ஸ் நோட்ட வாங்கிட்டு வாங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

பூங்கோதை போனாள், கிட்டத்தட்ட ஓடினாள். வாசலில் திரும்பி வந்து நின்றபோது அட்டை அசையாமல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

அவள் அவசரமாக ஜன்னல் பக்கம் போய் மேசைமேல் குனிந்தாள். அட்டை வெடுக்கென்று திரும்பியது. முனகல் ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? என்னயக் கண்டா மட்டும் இதுக்கு என்னமோ ஆயிருது."

பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள்.

"சாக்பீஸ் இல்லக்கா. ஒரு டப்பா எடுத்துட்டு வாங்க."

சாக்பீஸ் மேசைமேலேயே இருந்தது. பூங்கோதைக்கு அழுகை முட்டியது. மணி பத்து பத்து. இந்த நேரத்தில் தன்னை எடுபிடி வேலைக்கு அலையவிடுகிறாளே என்று இருந்தது. ஆனாலும் போனாள்.

டப்பாவோடு வந்தவள் இந்தத் தடவை வாசலோடு நின்றுவிட்டாள்.

அட்டை அசையவில்லை. முனகல் இல்லை.

"ஏன் நிக்கீங்க? வாங்க."

அவள் மெதுவாக நடந்தாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். கரும்பலகையைத் தாண்டும்வரை அது சும்மா இருந்தது. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவே கால் வைத்தாள். அவளுடைய நிழல் மேசைமேல் ஏறியது. அட்டை திரும்பியது.

ஓர் அடி பின்னால் வந்தாள். அட்டை வெயிலுக்குத் திரும்பி நின்றது.

முன்னால் போனாள். திரும்பியது.

பின்னால் வந்தாள். நின்றது.

இசக்கிவர்ஷினி கையை இறக்கினாள்.

பூங்கோதை ஹெப்சிபா பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், டீச்சர்?"

"மொத நாளே."

"சொல்லியிருக்கலாம்லா?"

"அதச் சொல்லத்தான் அந்தப் பிள்ள மூணு நாளா கையத் தூக்கிட்டு இருந்தாள்லாக்கா."

பூங்கோதை இசக்கிவர்ஷினியைப் பார்த்தாள். பிள்ளை பாவம், தப்பு செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் எங்க நிக்க?"

ஜன்னலுக்குக் கீழே ஒரு குட்டை பெஞ்ச் கிடந்தது. இரண்டு பிள்ளைகள் பைகளோடு உட்காரும் இடம்; அதில் உட்கார்ந்தால் வெயில் தலைக்கு மேலே போய்விடும். ஹெப்சிபா போய் அந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காந்தா அவரு அந்தத் தாள்ல என்ன எழுதுவாரு?"

"அத அவருல்லா எழுதணும்."

பத்தரைக்குத் தேர்வாளர் உள்ளே வந்தார். கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்றது இசக்கிவர்ஷினி. தடுப்பு எதற்கு, அது இல்லாவிட்டால் அட்டை ஏன் திரும்பாது என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவர்கள் வந்தால் வகுப்பு எழுந்து நிற்கும். அது எந்தப் பள்ளியிலும் உள்ளதுதான். பிள்ளைகள் எழுந்தார்கள். ஜன்னலோர பெஞ்சிலும் இரண்டு பேர் எழப் போனார்கள்.

பூங்கோதையின் முழங்காலும் தானாக நிமிர்ந்தது. அவள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த இருவரிடமும்.

தேர்வாளர் அவளைப் பார்த்தார். அவருக்கு முகம் நினைவிருந்தது.

"நீங்கதான டீச்சிங்?"

"ஆமா சார். வணக்கம்."

உட்கார்ந்தபடியே கும்பிட்டாள்.

அவர் பேனா மூடியைத் திறந்தார். அவளுக்கு நேராக நடந்து வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"ஆள் வந்தா எந்திரிக்கிற பழக்கம் இந்த வகுப்புல இல்லையா?"

மேசைமேல் முனகல் கேட்டது. அட்டை அவரைவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தேர்வாளர் அதைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்தார். அது திரும்பி வந்தது. மறுபடி ஓர் அடி வைத்தார். மறுபடி முனகியது.

"இது ஏன் இப்படி ஆடுது?"

பிள்ளைகள் எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள்.

அவள் பெஞ்சில் ஒதுங்கி ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.

"உக்காருங்க, சார்."