ஒரு வரி விடாமல்

பனியன் கம்பெனியில் சரக்கு லிஃப்டின் ரோப் அறுந்து, மூட்டை ஏற்றும் மாரக்காளின் கால் முறிந்துபோனது. மறுநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார்.

“ரோப் பிஞ்சு வருதுன்னு இவ ஒரு வார்த்தை எழுதலீங்க. வாராவாரம் வர்ற ரிப்போர்ட்டை நான் ஒரு வரி விடாமப் படிக்கிறவன்!” என்று மேனேஜர் ஞானசேகரன், லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினாமேல் பழியைப் போட்டார்.

பத்து வாரமாக அதையே எழுதி மேனேஜருக்கு அனுப்பிய ரத்தினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னிக்குக் காலையில அனுப்பினதையும் படிச்சீங்களா சார்?”

“படிச்சுப் பதிலும் போட்டாச்சு!”

ரத்தினா போனை முதலாளியிடம் நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார்: “என் ரிப்போர்ட் ஒன்றைக்கூடப் படிக்காமல் மாரக்காளின் காலை ஒடித்தவர் மேனேஜர்தான். அவரை வேலையை விட்டுத் துரத்த வேண்டும்.”

அதற்குக் கீழே மேனேஜரின் பதில் இருந்தது: “சூப்பர். உடனே செய்யுங்கள்.”

“செஞ்சுட்டேன்” என்றார் முதலாளி.