சராசரித் தாழ்ப்பாள்

இருட்டியதும் சவேரியம்மாளின் கதவை வெளியிலிருந்து ஏதோ பிறாண்டியது. கரடியாக இருக்கலாம், குடித்துவிட்டு வந்த ஆளாகவும் இருக்கலாம். தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வீடு நாலு. ஒன்றிலும் தாழ்ப்பாள் கிடையாது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விடியும்வரை கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பங்களாவுக்குச் சமைக்கப் போனவள் மேனேஜர் ராஜரத்தினத்திடம் ஒரு தாழ்ப்பாள் கேட்டாள்.

"எஸ்டேட்டுல வாசக்கதவு அஞ்சு, தாழ்ப்பாளும் அஞ்சு. சராசரியா கதவுக்கு ஒண்ணு இருக்கே. கணக்கு தெரியாதவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல?" என்றார் அவர். அந்த ஐந்து தாழ்ப்பாளும் கரடிக்குப் பயந்து அவர் பங்களாக் கதவில் மேலும் கீழுமாக அடித்தவை.

"சரிங்க தொரை."

மதியம் எஸ்டேட் முதலாளியம்மா பங்களாவுக்குச் சாப்பிட வந்தார். சவேரியம்மாள் அவர் இலையில் இரண்டு ஆள் சோற்றைக் குவித்தாள். மேனேஜர் இலையில் தண்ணீர் தெளித்ததோடு சரி.

"எனக்கு எங்கே?" என்றார் மேனேஜர்.

"ஆள் ரெண்டு, சாப்பாடு ரெண்டு. சராசரியா ஆளுக்கு ஒண்ணு வச்சாச்சுங்களே தொரை."

முதலாளியம்மா விவரம் கேட்டுச் சிரித்தார். "சராசரியை நம்பக் கூடாதுன்னா வேற எதைப் பாக்கறது?"

"அஞ்சு கதவையும் தாழ்ப்பாள் எண்ணிக்கைப்படி வரிசையா நிறுத்தி, நடுவுல நிக்கிறதைப் பாருங்கம்மா. அது வெறுங்கதவு. எங்க நெலம அதுதான்."

முதலாளியம்மா திரும்பினார். "உங்க கதவுல நாலைக் கழட்டி லயத்துல அடிங்க, ராஜரத்தினம். சராசரி அப்பவும் ஒண்ணுதான்."

அன்று பொழுது சாய்ந்ததும் சவேரியம்மாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். பிறகு உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டாள்.